தொப்பியைக் கழற்றிக் குனிந்தது யாருக்காக?

கேள்வி: என் மகள் போனில் ஒரு சின்ன வீடியோ காட்டினாள். கொரியாவில் ஏதோ பேஸ்பால் கோப்பையின் கடைசிப் பந்து. வீசிய பையன் துள்ளிக் குதிக்க வேண்டிய நேரத்தில் தொப்பியைக் கழற்றி, பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடிக்கும் கேட்சருக்கு முன்னால் இடுப்பு வளைய வணங்குகிறான். யார் அந்த கேட்சர்? அப்படி என்ன செய்துவிட்டார்?
— வாசகர், தென்காசி

பதில்: அந்த வணக்கத்தை நடந்த நொடியிலேயே பார்த்தவன் நான். 2010 அக்டோபர் 19. வேலைக்காக இஞ்சியோனில் தங்கியிருந்தேன். நாம்தோங் தொழிற்பேட்டைப் பக்கம் நான் வழக்கமாகச் சாப்பிடும் கடையில், கடைக்கார அம்மா அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு டி.வி. முன்னால் வந்து நின்றுவிட்டார். தேகு நகரில் ஆட்டம். எங்கள் ஊர் அணியான எஸ்.கே. வைவர்ன்ஸ், சாம்சங் லயன்ஸை மூன்று முறை தோற்கடித்துவிட்டது. நான்காவதையும் ஜெயித்தால் கோப்பை. கடைசி பேட்டர் ஸ்டிரைக் அவுட், அதாவது மூன்றாவது நல்ல பந்தையும் கோட்டைவிட்டு வெளியேறினார். கடை முழுக்கக் கத்தல். அந்தக் கத்தலுக்கு நடுவே, பந்து வீசிய 22 வயது இடது கை பிட்சர் கிம் குவாங்ஹியோன் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு குனிந்தார். எதிரே வந்துகொண்டிருந்தவர் 38 வயது பார்க் கியோங்வான். வணக்கம் முடிந்த பிறகுதான் கட்டிப்பிடித்தல் எல்லாம். கடைக்கார அம்மா முந்தானைபோல இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொரியாவில் பெரியவர்களுக்குக் குனிவது தினசரி வழக்கம்தான். ஆனால் கோப்பை கைக்கு வந்த நொடியில், வேறு எதையும் நினைக்காமல் அந்த உடம்பு தானாக வளைந்தது வழக்கத்தினால் அல்ல.

அதைப் புரிந்துகொள்ள முந்தைய வருஷத்துக்குப் போக வேண்டும். 2009 ஜூனில் பார்க்கின் குதிகால் தசைநார் அறுந்தது. வருஷம் அதோடு முடிந்தது. ஆகஸ்டில் ஒரு பேட்டர் அடித்த பந்து நேராக வந்து கிம்மின் இடது கையைப் பதம் பார்த்தது, அவரும் வெளியே. இருவரும் இல்லாமலே அணி சீசன் கடைசியில் தொடர்ந்து 19 வெற்றி எடுத்து, இறுதிச் சுற்றுக்கும் போனது. ஏழாவது ஆட்டத்தில் 5-1 என்று முன்னிலை. அங்கிருந்து கியா டைகர்ஸ் எழுந்து வந்து சமன் செய்து, கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் நா ஜிவான் மைதானத்துக்கு வெளியே அடித்த ஹோம் ரன்னில் 6-5 என்று கோப்பையைக் கொண்டுபோய்விட்டது. அந்த ஆட்டத்தை இருவரும் ஆட முடியாமல் பார்க்க வேண்டியிருந்தது. அடுத்த வருஷம் அணியின் வெற்றிகளில் 17 பிட்சர் கிம்மின் கணக்கில் ஏறின. பார்க்குக்குக் குதிகால் வலி தீரவில்லை. ஒவ்வொரு பந்துக்கும் உட்கார்ந்து எழ வேண்டிய வேலை அது. ஒரு ஆட்டத்துக்கு நூற்றுச் சொச்சம் தடவை. அந்தக் காலோடு சீசன் முழுக்க உட்கார்ந்தார், நவம்பரில் குவாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம் வரைக்கும் உட்கார்ந்தார், அதற்குப் பிறகுதான் ஆபரேஷன். அந்தப் பையன் குனிந்தது அந்தக் காலுக்கு என்று நான் நினைக்கிறேன்.

இனி அவர் கதை. 1972-இல் ஜியோன்ஜு நகரில் பிறந்தவர். உள்ளூர் பள்ளி அணியில் அவரோடு படித்த கிம் வோன்ஹியோங் என்ற பிட்சர் மேல்தான் எல்லார் கண்ணும். 1991-இல் சாங்பாங்வுல் ரெய்டர்ஸ் என்ற புது அணி வோன்ஹியோங்கை எடுத்தபோது, பார்க்கும் கூடவே போனார். முறையான தேர்வில் அல்ல, பயிற்சி ஆட்டக்காரராக. முன்பணம் கிடையாது, ஆடுவதற்கு இடம் உண்டு என்ற உத்தரவாதம் கிடையாது. பிட்சர்கள் பழகும்போது பந்து பிடிக்க ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள். அந்த அணியை நடத்தியது உள்ளாடை செய்யும் கம்பெனி. நம் திருப்பூரில் சொல்வதுபோல ஒரு பனியன் கம்பெனி.

1993-இல் அங்கே பயிற்சியாளராக வந்தார் சோ பொம்ஹியோன். அவரும் கேட்சர்; 1982-இல் கொரியாவில் தொழில்முறை லீக் தொடங்கிய முதல் வருஷமே கோப்பை வாங்கிய ஓ.பி. பேர்ஸ் அணிக்காரர். அவர் பார்க்கைப் பிடித்து உட்கார வைத்தார். தரையில் பட்டு எகிறும் பந்தை நெஞ்சால், தோளால், தொடையால் மறிப்பது, பந்து கையுறைக்கு வரும்போதே எழுந்து எறிவது என்று நாள் முழுக்க ஒரே வேலை. எவரும் கேட்காத ஒரு பயிற்சி ஆட்டக்காரர் இப்படித்தான் நாட்டின் முதல் கேட்சர் ஆனார். ஓடுகிறவர் நின்று கொள்ளும் இடம் பேஸ்; பிட்சர் வீசும் நேரம் பார்த்து அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவதைத் திருட்டு என்பார்கள். அப்படித் திருடி ஓடுகிறவர்களை அவர் எறிந்து பிடிக்கும் அழகைப் பார்த்து 'போதோ தேஜாங்' என்று பட்டப்பெயரும் வந்தது. அரசர் காலத்தில் திருடர்களைப் பிடிக்கும் காவல் தலைவருக்கு அந்தப் பெயர்.

1997-இல் கொரியப் பொருளாதாரம் சரிந்தபோது பனியன் கம்பெனியும் சரிந்தது. அணியை நடத்தக் காசில்லாமல் ஆட்டக்காரர்களை விற்றார்கள். பார்க்கை 90 கோடி வோனும் இரண்டு ஆட்டக்காரர்களும் கொடுத்து ஹியூண்டாய் யுனிகார்ன்ஸ் வாங்கியது. அவர் போன பிறகு அந்த அணி 1999-இல் 28 வெற்றி, 97 தோல்வி என்று முடித்து, அப்படியே இல்லாமல் போயிற்று. ஜியோன்ஜு மக்களுக்கு இன்றைக்கும் சொந்த அணி கிடையாது. அதை நினைத்தால் எனக்கு மனசு கனக்கும்.

ஹியூண்டாயில் 1998-இல் கோப்பை, 2000-இல் மறுபடி. 2000 மே 19-இல் தேஜோனில் ஹன்வா அணிக்கு எதிராக நான்கு முறை தொடர்ந்து அடித்து நான்கும் ஹோம் ரன். கொரிய லீக்கில் அதற்கு முன் யாரும் செய்ததில்லை. அந்த வருஷம் 40 ஹோம் ரன், சிறந்த ஆட்டக்காரர் விருது. அடுத்த வருஷம் 24 ஹோம் ரன்னோடு 21 பேஸ் திருடினார். முழங்கால் தேய உட்கார்ந்து எழுகிற ஒரு கேட்சர் 21 முறை ஓடித் திருடினார் என்பதை நான் முதலில் நம்பவில்லை. 2003-இல் எஸ்.கே.வுக்கு வந்தார், அங்கே மேனேஜர், அதாவது தலைமைப் பயிற்சியாளர், அதே சோ பொம்ஹியோன். 2007-இல் மேனேஜராக வந்த கிம் சொங்குன், பனியன் கம்பெனி காலத்தில் அவரை ஆட வைத்தவர். 2007, 2008, 2010 என்று மூன்று கோப்பை. மேலே 2009 கதை சொன்னேனே, ஏழாவது ஆட்டத்தில் ஜெயித்த கியாவின் மேனேஜர் யார் தெரியுமா? சோ பொம்ஹியோன்தான். பார்க் இல்லாத அணியை, பார்க்கை உருவாக்கியவர் தோற்கடித்தார்.

2010-க்குப் பிறகு கால் ஒத்துழைக்கவில்லை. விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆடினார். 2013-இல் விலகினார், 23 சீசன். அடுத்த வருஷம் அவருடைய 26-ஆம் எண்ணை இனி யாரும் அணியக் கூடாது என்று அணி எடுத்து வைத்தது.

கேள்வி: கல்லூரி அணியில் நான் விக்கெட் கீப்பர். கேட்சர் வேலையும் என் வேலையும் ஒன்றுதானே? கையுறை, காப்பு, பின்னால் உட்காருவது...
— மாணவர், மதுரை

பதில்: தம்பி, உட்காருவது மட்டும்தான் ஒன்று. உங்கள் பவுலர் என்ன வீச வேண்டும் என்பதை நீங்களா முடிவு செய்கிறீர்கள்? கேட்சர் முடிவு செய்கிறார். ஒரு விரல் என்றால் வேகப்பந்து, இரண்டு என்றால் வளைபந்து என்று தொடைகளுக்கு நடுவே விரலால் சைகை காட்டுவார். பிட்சர் தலையாட்டுவார், அல்லது மறுப்பார். 18.44 மீட்டர் தூரத்தில் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த பேச்சு அது.

இஞ்சியோனின் முன்ஹாக் மைதானத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் பேஸ் பக்கம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர், மடியில் காய்ந்த கணவாய் மீன் பொட்டலம். நான் பந்தையே தொடர்ந்து பார்ப்பதைக் கவனித்துவிட்டு, என் தோளைத் தட்டி பார்க் கியோங்வானைக் காட்டினார். எனக்குத் தெரிந்த அரைகுறை கொரிய மொழியில் புரிந்தது இவ்வளவுதான்: பந்தை விட்டுவிடு, அவர் தலையைப் பார். பார்த்தேன். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் அந்த முகமூடி லேசாகத் திரும்பி, பேட்டரின் காலடியிலிருந்து மேலே ஏறியது. பாதம், முழங்கால், இடுப்பு, கை. அதற்குப் பிறகுதான் விரல். பேட்டர் பாதத்தை அரை அங்குலம் முன்னே நகர்த்தியிருந்தால் எதை எதிர்பார்க்கிறார் என்று அர்த்தம் வந்துவிடும். மூன்று மணி நேரம் நான் அந்தத் தலையைத்தான் பார்த்தேன். பேஸ்பால் எனக்குப் புரிந்தது அன்றைக்கு.

எறிதலும் வேறு. நீங்கள் ஸ்டம்பை ஒட்டி நின்று தட்டுகிறீர்கள். அவர் உட்கார்ந்த நிலையிலிருந்து எழுந்து, ஏறக்குறைய 39 மீட்டர் தள்ளியிருக்கும் இரண்டாம் பேஸுக்கு, பிட்சரின் தலைக்கு மேலே எறிய வேண்டும். பந்து கையுறைக்குள் வந்ததிலிருந்து அங்கே போய்ச் சேர இரண்டு நொடி. அதற்கு மேல் ஆனால் ஓடுகிறவர் தப்பித்தார்.

இதில் ஒரு கலை இப்போது அழிந்துகொண்டிருக்கிறது. பேட்டருக்கு எதிரே கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டம் உண்டு; அதற்குள் வந்தால் ஸ்டிரைக், வெளியே போனால் பால். அந்த எல்லையை ஒட்டி வரும் பந்தை, கையுறையைச் சத்தமில்லாமல் உள்ளே கொண்டுவந்து பிடித்தால் நடுவர் ஸ்டிரைக் தருவார். அந்த ஒரு திறமைக்காகவே சம்பளம் வாங்கிய கேட்சர்கள் உண்டு. 2024-இல் கொரிய லீக் ஸ்டிரைக்கா பாலா என்று முடிவு செய்வதை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டது. நடுவர் காதில் மாட்டிய கருவி சொல்வதைக் கேட்டுக் கையைத் தூக்குகிறார். அதே வருஷம் விரல் சைகைக்குப் பதிலாகப் பொத்தான் அழுத்தும் கருவியும் வந்தது. தீர்ப்பு எல்லாருக்கும் ஒரே மாதிரி கிடைக்கிறது, அது நியாயம்தான், நான் எதிர்க்கவில்லை. ஆனால் அந்தப் பிடித்தலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஏக்கம் இருக்கத்தான் செய்கிறது. பாதத்தைப் படிக்க மட்டும் இன்னும் கருவி வரவில்லை.

கேள்வி: 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் கொரியா தங்கம் வாங்கிய ஆட்டத்தில், கடைசி நேரத்தில் கேட்சரையே நடுவர் வெளியே அனுப்பிவிட்டார் என்று படித்தேன். உண்மையா?
— வாசகி, புதுச்சேரி

பதில்: உண்மை. ஆகஸ்ட் 23, கியூபாவோடு இறுதி ஆட்டம். கொரியா 3-2 என்று முன்னிலை. ஒன்பதாவது இன்னிங்ஸ், ஒருவர் அவுட், மூன்று பேஸிலும் கியூபா ஆட்கள். பிட்சர் ரியூ ஹியோன்ஜின் வீசிய பந்துகள் ஸ்டிரைக் என்று கொரியர்கள் நம்ப, நடுவர் இல்லை என்றார். கேட்சர் காங் மின்ஹோவுக்கு 23 வயது ஆகி ஐந்து நாள்தான். திரும்பி நடுவரிடம் ஏதோ கேட்டார். நடுவர் அதை எதிர்ப்பாக எடுத்துக்கொண்டு வெளியேற்றிவிட்டார். காங் மின்ஹோ கையுறையை அணியினர் உட்காரும் இடத்தைப் பார்த்து வீசி எறிந்தார். தன்னால் தங்கம் போய்விட்டது என்றுதான் அந்த நேரத்தில் எந்தப் பையனும் நினைத்திருப்பான்.

மூத்த கேட்சர் ஜின் கப்யோங்குக்குத் தொடைத் தசை சரியில்லை. வேறு வழியில்லை, காப்பைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பிட்சரும் மாற்றம்: கையைத் தரையை ஒட்டிக் கீழிருந்து வீசும் ஜியோங் தேஹியோன். மூன்றாவது பந்தில் கியூபாவின் குரியேல் தரையோடு அடித்தார். இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஷார்ட் ஸ்டாப்பிடமிருந்து இரண்டாம் பேஸ், அங்கிருந்து முதல் பேஸ், இரண்டு பேர் அவுட். ஒன்பது ஆட்டம், ஒன்பது வெற்றி, தங்கம். அந்தத் தேதியைத்தான் கொரியாவில் பேஸ்பால் தினமாகக் கொண்டாடுகிறார்கள். அணியின் மேனேஜர் கிம் கியோங்முன்னும் பழைய கேட்சர். 1982 ஓ.பி. அணியில் சோ பொம்ஹியோனோடு அதே இடத்தைப் பகிர்ந்துகொண்டவர்.

காங் மின்ஹோவின் கதை அங்கே முடியவில்லை. ஜெஜு தீவில் பிறந்தவர். லோட்டே ஜயன்ட்ஸில் 2004-இல் தொடங்கி, பிறகு சாம்சங் லயன்ஸ். தங்கம் கிடைத்தும், சொந்த லீக்கின் இறுதிச் சுற்றில் மட்டும் 2024 வரை ஒரு முறைகூட ஆடியதில்லை. 2024-இல், தன் 21-ஆவது சீசனில், லீக்கிலேயே அதிக ஆட்டம் ஆடியவர் என்ற சாதனையைத் தாண்டினார். அதே வருஷம் அக்டோபர் 19, ஜம்சில் மைதானம். ரன்னே இல்லாமல் போய்க்கொண்டிருந்த ஆட்டத்தில் எட்டாவது இன்னிங்ஸில் அவர் அடித்த ஒரே ஒரு ஹோம் ரன், 1-0. முதல் முறையாக இறுதிச் சுற்று. அங்கே கியாவிடம் 4-1 என்று தோற்றுப்போனார்கள். 39 வயதில் பேஸ்களைச் சுற்றி அவர் ஓடிவந்ததைப் பார்த்தபோது, பெய்ஜிங்கில் பறந்த அந்தக் கையுறைதான் என் கண்ணுக்குள் வந்தது.

கேள்வி: பார்க் கியோங்வானை நீங்கள் முன்பும் புகழ்ந்து எழுதியிருக்கிறீர்கள். அவருடைய பேட்டிங் சராசரி 0.250-ஐக்கூடத் தொடவில்லை. இவரைப் பெரிய ஆட்டக்காரர் என்று சொல்வது மிகை இல்லையா?
— வாசகர், கோலாலம்பூர்

பதில்: மிகை இல்லை. 314 ஹோம் ரன் அடித்திருக்கிறார். கொரியாவில் 300-ஐத் தொட்ட முதல் கேட்சர் அவர்தான். 2000, 2004 என்று இரண்டு தடவை லீக்கிலேயே அதிக ஹோம் ரன். ஆனால் இந்த எண்களை வைத்து உங்களோடு வாதாட எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் அவருடைய வேலையில் பெரும்பங்கு வேறொருவர் கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டது. 2007 இறுதிச் சுற்றில் முதல் இரண்டு ஆட்டத்தையும் எஸ்.கே. தோற்றிருந்தது. நான்காவது ஆட்டத்தில் 19 வயது புதுமுகம் கிம் குவாங்ஹியோன், ஏழு இன்னிங்ஸுக்கு மேல் வீசி, பேட்டர் அடித்து பேஸை எட்டும் ஹிட் ஒன்றே ஒன்றுதான் கொடுத்தார். அங்கிருந்து தொடர் திரும்பி, கோப்பை வந்தது. புத்தகத்தில் அது கிம்மின் ஆட்டம். அந்தப் பையன் வீசிய பந்துகளுக்கு விரல் காட்டியவர் பெயர் எந்தப் பட்டியலிலும் தனியாக வராது. முதல் கேள்வியில் வரும் வீடியோவை நீங்களும் ஒரு முறை பாருங்கள். கணக்கு எழுதத் தெரிந்தவர் அங்கே எழுதியிருக்கிறார்.

கேள்வி: ஓய்வுபெற்ற பிறகு இந்த கேட்சர்கள் என்ன செய்கிறார்கள்?
— வாசகர், கும்பகோணம்

பதில்: பெரும்பாலும் பயிற்சி கொடுக்கப் போகிறார்கள். லீ மான்சூ என்று ஒருவர். கொரிய லீக்கின் முதல் ஹோம் ரன் 1982-இல் அவர் அடித்தது. அமெரிக்காவில் சிகாகோ வைட் சாக்ஸில் பயிற்சியாளராக இருந்து 2005-இல் அங்கே உலக சீரிஸ் வென்ற அணியில் இருந்தார். எஸ்.கே.வுக்கு மேனேஜரானார். அதை விட்ட பிறகு லாவோஸுக்குப் போய், பேஸ்பால் என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளைகளுக்குக் கையுறை மாட்டக் கற்றுக்கொடுத்தார். எனக்கு அவரை அதற்காகத்தான் அதிகம் பிடிக்கும்.

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. தெருவில் கிரிக்கெட் ஆடும்போது அவனை மட்டும் எப்போதும் கீப்பராக நிற்க வைத்துவிடுகிறார்கள். அழுதுகொண்டே வருகிறான். ஆட்டத்தையே நிறுத்தச் சொல்லட்டுமா?
— ஒரு தாய், ஈரோடு

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. யாங் உய்ஜி என்று குவாங்ஜுவில் பிறந்த ஒரு கேட்சர். 2006-இல் அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாக எடுக்கும் தேர்வில், எட்டாவது சுற்றில், 59-ஆவதாகத்தான் அவரை எடுத்தார்கள். அதற்குள் நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாம் தீர்ந்துபோயிருப்பார்கள் என்பது ஊர் நம்பிக்கை. 2010-இல் 20 ஹோம் ரன் அடித்து சிறந்த புதுமுகம். 2016-இல் தூசான் பேர்ஸ் அணிக்காக இறுதிச் சுற்றின் நாயகன். பிறகு என்.சி. டைனோஸுக்குப் போய், 2019-இல் 0.354 சராசரியோடு லீக்கின் முதல் பேட்டர். 1984-இல் லீ மான்சூவுக்குப் பிறகு அதுவரை எந்த கேட்சரும் அதைச் செய்ததில்லை. 2020-இல் தன் பழைய அணியையே தோற்கடித்து மறுபடி இறுதிச் சுற்றின் நாயகன். இத்தனைக்கும் அவர் முகத்தில் எந்தப் பரபரப்பும் தெரியாது. தூக்கக் கலக்கத்தில் நிற்பதுபோல நிற்பார். உள்ளே மட்டும் எல்லாரையும் படித்துக்கொண்டே இருப்பார்.

மகனை ரொம்ப நேரம் குத்தவைக்க விடாதீர்கள், வளருகிற முழங்கால். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். ஆடிவிட்டு வந்ததும், இன்றைக்கு பேட் பிடித்தவர்களில் யார் யார் காலை எங்கே வைத்து நின்றார்கள், எந்தப் பந்தில் அவுட் ஆனார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். தெருவில் அதைப் பார்க்கிற இடத்தில் நிற்பது அவன் ஒருவன்தான். ஒரு மாசம் எழுதிய பிறகு அந்த நோட்டை எனக்கு அனுப்பி வையுங்கள். படித்துவிட்டு அவனுக்கே பதில் எழுதுகிறேன்.